கணினி கேள்வி பதில்: லேப்டாப்புல வெப்சைட்டை ஓட வைக்கிறது

ப்ராஜெக்ட் ரிவ்யூ நெருங்குற நேரம், அதனால வந்த கேள்விகள்ல நிறைய ஒரே விஷயத்தைச் சுத்தியே இருக்கு: வெப் அப்ளிகேஷனை சொந்த மெஷின்ல ஓட வைக்கிறது. இந்த முறை பக்கம் முழுக்க அதுக்கே. கேள்விகள்ல வர்ற ஸாம்ப்ங்கிறது வெப் சர்வர், மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ், பிஹெச்பி எல்லாத்தையும் சேர்த்து சொந்த மெஷின்ல ஓட வைக்கிற சாஃப்ட்வேர்.

ஸாம்ப்ல மைஎஸ்க்யூஎல் ஸ்டார்ட் குடுத்தா ரெண்டு செகண்ட்ல நின்னுடுது, 'ஷட்டவுன் அன்எக்ஸ்பெக்டட்லி'ன்னு சிவப்புல வருது. டேட்டா ஃபோல்டர்ல ஐபிடேட்டா1னு ஒரு ஃபைல் இருக்கும், அதை டெலிட் பண்ணா சரியாயிடும்னு ஒரு வீடியோல சொல்றாங்க. பண்ணலாமா?
– கல்லூரி மாணவி, ஈரோடு

வேணாம்மா, அந்த ஃபைல் மேல கையே வைக்காதீங்க. என்னென்ன டேபிள் இருக்குங்கிற கணக்கை இன்னோடிபி (மைஎஸ்க்யூஎல்ல டேட்டாவை சேமிக்கிற எஞ்சின்) அதுக்குள்ளதான் வச்சிருக்கு. அதைத் தூக்கிட்டா மைஎஸ்க்யூஎல் என்னவோ பச்சை கலர்ல ஸ்டார்ட் ஆயிடும், ப்ரௌசர்ல டேட்டாபேஸைப் பார்க்கிற பிஹெச்பிமைஅட்மின்ல டேபிள் பேரெல்லாம் வரிசையா தெரியவும் செய்யும், ஆனா ஒண்ணைத் திறந்து பார்த்தா 1932ன்னு ஒரு எரர் வரும், 'டஸ்ன்ட் எக்ஸிஸ்ட் இன் எஞ்சின்'னு. அப்புறம் உள்ள இருந்ததை மீட்கிறது பெரும்பாடு. நேத்துதான் இன்ஸ்டால் பண்ணேன், உள்ள ஒண்ணுமே இல்லைங்கிறவங்களுக்கு அந்த வழி ஓகே, ஒரு செமஸ்டர் வேலையை உள்ள வச்சிருக்கிற உங்களுக்கு ஆகாது.

முதல் வேலையா ஸாம்ப்ல எல்லாத்தையும் ஸ்டாப் பண்ணிட்டு, மைஎஸ்க்யூஎல் ஃபோல்டருக்குள்ள இருக்கிற டேட்டா ஃபோல்டரை முழுசா ஒரு பென்டிரைவுக்கு காப்பி எடுங்க. இதை முடிக்காம வேற எதையும் தொட வேணாம். அடுத்து கன்ட்ரோல் பேனல்ல மைஎஸ்க்யூஎல் வரியிலேயே லாக்ஸ்னு ஒரு பட்டன் இருக்கு, அதுல எரர் லாக்கைத் திறந்து கடைசிப் பக்கத்தை நிதானமா படிங்க. சிவப்புல வர்றது எல்லாருக்கும் பொதுவா நாலஞ்சு காரணத்தை அடுக்குற மெசேஜ், உங்க மெஷினோட பிரச்சனை என்னன்னு லாக்தான் சொல்லும்.

அதுல போர்ட் 3306 (மைஎஸ்க்யூஎல்லுக்கு கனெக்‌ஷன் வர்ற வாசல் நம்பர்) பத்தி ஏதாவது இருந்தா டேட்டாவுக்கு ஒண்ணும் ஆகல, நிம்மதியா இருங்க. ஏற்கனவே தனியா ஒரு மைஎஸ்க்யூஎல் இன்ஸ்டால் பண்ணி அது விண்டோஸ் ஸ்டார்ட் ஆகும்போதே பின்னாடி ஓடிக்கிட்டு இருக்கும். கன்ட்ரோல் பேனல்லயே நெட்ஸ்டாட்னு பட்டன் இருக்கு, எந்த போர்ட்டை யாரு பிடிச்சு வச்சிருக்காங்கன்னு காட்டிடும். சர்வீசஸ்ல போய் அந்தப் பழைய மைஎஸ்க்யூஎல்லை நிறுத்தி மேனுவல்னு மாத்திட்டா போதும். போர்ட்டையே 3307ன்னு மாத்துறதும் ஒரு வழிதான், ஆனா அப்போ மை டாட் ஐஎன்ஐ ஃபைல்ல, பிஹெச்பிமைஅட்மின் கான்ஃபிக்ல, உங்க கோட்ல கனெக்‌ஷன் வர்ற இடத்துலன்னு எல்லாத்துலயும் மாத்தணும், ஒண்ணு விட்டாலும் அடுத்த எரர்.

போர்ட் பிரச்சனை இல்ல, ஃபைல் கரப்ட்னு லாக் சொல்லுதுன்னா, மைஎஸ்க்யூஎல்லை ஸ்டாப் பண்ணாமலே லேப்டாப்பை ஆஃப் பண்ணது பெரும்பாலும் காரணமா இருக்கும். டேட்டா ஃபோல்டருக்கு டேட்டா பழசுன்னு பேர் மாத்துங்க. பக்கத்துல பேக்கப்னு ஒரு ஃபோல்டர் ஸாம்ப்லயே வருது, அதை காப்பி பண்ணி அந்தக் காப்பிக்கு டேட்டான்னு பேர் வைங்க. அப்புறம் பழசுல இருந்து உங்க டேட்டாபேஸ் பேர்ல இருக்கிற ஃபோல்டரையும், அந்த ஐபிடேட்டா1 ஃபைலையும் மட்டும் புதுசுக்குள்ள போடுங்க. மைஎஸ்க்யூஎல், பெர்ஃபாமன்ஸ் ஸ்கீமா, பிஹெச்பிமைஅட்மின்னு இருக்கிற ஃபோல்டர்களை எடுத்துட்டு வராதீங்க. இதுல நிறைய பேருக்கு சரியாயிருக்கு. கவனிச்சீங்களா, வீடியோ டெலிட் பண்ணச் சொன்ன அதே ஃபைலைத்தான் நாம பத்திரமா தூக்கிட்டு வர்றோம்.

ஓடினதும் உடனே பிஹெச்பிமைஅட்மின்ல எக்ஸ்போர்ட் குடுத்து எஸ்க்யூஎல் ஃபைலா எடுத்து ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள்ளயே போட்டு வைங்க. அது கையில இருந்தா லேப்டாப்பே போனாலும் வேற மெஷின்ல கொஞ்ச நேரத்துல எழுப்பிடலாம்.

நாலு பேர் டீம். என் விண்டோஸ் லேப்டாப்ல எல்லாம் சூப்பரா ஓடுது, சர்வர்ல ஏத்தினா லோகோ வரல, ரெண்டு பேஜ் திறக்கவே இல்ல. லினக்ஸ் வச்சிருக்கிற ஃப்ரெண்டும் அதையேதான் சொல்றான். கோட் ஒண்ணுதானே சார்?
– மாணவர், திண்டுக்கல்

கோட் ஒண்ணுதான் தம்பி, அதைப் படிக்கிற ஃபைல் சிஸ்டம் வேற. விண்டோஸ்ல லோகோங்கிற பேர்ல முதல் எழுத்து பெருசா இருந்தாலும் சின்னதா இருந்தாலும் ஒரே ஃபைல். லினக்ஸ்ல அது ரெண்டு தனித்தனி ஃபைல். ஃபோல்டர்ல பெரிய எழுத்துல பேர் வச்சுட்டு கோட்ல சின்ன எழுத்துல கூப்பிட்டிருப்பீங்க, உங்க மெஷின் கண்டுக்காம விட்டிருக்கும், சர்வர் விடாது. எல்லா ஃபைல் பேரையும் சின்ன எழுத்துலயே வச்சுக்கங்க. இதுல இன்னொரு சிக்கல் இருக்கு, விண்டோஸ்ல எழுத்தை மட்டும் பெருசு சின்னது மாத்தினா கிட் (கோட்ல வர்ற மாற்றத்தைக் குறிச்சு வைக்கிற கருவி) அதை மாற்றம்னே எடுத்துக்காம போயிடும், அதனால கிட்டோட மூவ் கமாண்ட் மூலமாவே பேரை மாத்துங்க.

அது சரியான பிறகும் ஆளுக்கு ஒரு மாதிரி ஓடுதுன்னா வெர்ஷனைப் பாருங்க. உங்ககிட்ட பிஹெச்பி 8, சர்வர்ல 7ன்னு இருந்தா புது ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டாலும் அங்க விழுந்துடும். நாலு பேரும் ஒரே வெர்ஷன், அதுவும் சர்வர்ல இருக்கிற வெர்ஷன். என்ன வெர்ஷன், எந்தெந்த லைப்ரரி, எந்த வரிசையில என்ன கமாண்ட் அடிச்சா ஓடும்னு ப்ராஜெக்ட்டுக்குள்ள ரீட்மி ஃபைல்ல எழுதி, டீம்ல இதுவரைக்கும் அதை ஓட்டியே பார்க்காத ஒருத்தர்கிட்ட குடுத்து அதை மட்டும் வச்சு ஓட்டச் சொல்லுங்க. அவர் எங்கெல்லாம் உங்களுக்கு ஃபோன் பண்றாரோ அங்கெல்லாம் ரீட்மில ஒரு வரி குறையுதுன்னு அர்த்தம்.

ஜாவாஸ்க்ரிப்ட் லைப்ரரி எல்லாம் இருக்கிற நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை பென்டிரைவ்ல கை மாத்துற பழக்கம் இருந்தா விட்டுடுங்க, அதுல சில லைப்ரரி விண்டோஸுக்குன்னே கம்பைல் ஆகி வந்திருக்கும், லினக்ஸ்ல ஓடாது. பேக்கேஜ் டாட் ஜேசனையும், எந்த லைப்ரரி எந்த வெர்ஷன்னு பூட்டி வைக்கிற பேக்கேஜ்-லாக் ஃபைலையும் கிட்ல போட்டாலே போதும், அவங்கவங்க இறக்கிக்கலாம். டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் இருக்கிற என்வ் ஃபைல் மட்டும் கிட்ஹப்புக்குப் போகவே கூடாது, பாஸ்வேர்ட் இல்லாத சாம்பிள் ஃபைல் ஒண்ணை அதுக்குப் பதிலா போடுங்க. ஏற்கனவே போயிடுச்சுன்னா டெலிட் பண்ணிட்டேன்னு நிம்மதியா இருக்காதீங்க, பழைய கமிட்ல (முன்னாடி சேமிச்ச பதிவுல) அது அப்படியே இருக்கும், பாஸ்வேர்டையே மாத்தணும்.

ஃபார்ம்ல தமிழ்ல பேர் டைப் பண்ணி சேவ் பண்ணா டேட்டாபேஸ்ல வெறும் கேள்விக்குறியா வருது. ஏன்?
– வாசகர், தஞ்சாவூர்

பெரும்பாலும் அந்த டேபிள் லேட்டின்1 செட்டிங்ல உருவாகியிருக்கும், ஆங்கிலம் மாதிரி ஐரோப்பிய எழுத்துக்கு மட்டும்தான் அதுல இடம். மைஎஸ்க்யூஎல்ல 2018ல 8.0 வர்ற வரைக்கும் டீஃபால்ட்டே அதுதான், பழைய டுடோரியலைப் பார்த்து அமைச்சவங்க நிறைய பேர் இதுல மாட்டுவாங்க. டேட்டாபேஸ், டேபிள், அதுல இருக்கிற நெடுவரிசை (காலம்) மூணையும் தமிழும் அடங்குற யூடிஎஃப்8எம்பி4க்கு மாத்துங்க, பிஹெச்பில கனெக்ட் ஆன உடனே செட் சார்செட் குடுத்து அதையே சொல்லுங்க, பேஜ் மேல மெட்டா டேக்ல யூடிஎஃப்-8 இருக்கான்னும் பாருங்க. எம்பி4 இல்லாத வெறும் யூடிஎஃப்8 ஒரு எழுத்துக்கு 3 பைட் வரைக்கும்தான் தாங்கும், தமிழ் அதுல அடங்கிடும், எமோஜிக்கு 4 பைட் வேணும்.

கேள்விக்குறியா ஏற்கனவே சேவ் ஆனது போனதுதான், செட்டிங்கை மாத்தினாலும் திரும்பி வராது, மறுபடி டைப் பண்ணணும்.

இன்னொண்ணு. 'தமிழ்'ங்கிறது நம்ம கண்ணுக்கு 3 எழுத்து, ஆனா யூனிகோட்ல த, ம, இகரக் குறி, ழ, புள்ளின்னு 5 குறி, பைட் கணக்குல 15. பிஹெச்பில நீளம் எண்ணுற ஸ்டர்லென் 15ன்னு சொல்லும், எம்பி ஸ்டர்லென் 5ன்னு சொல்லும், 3ன்னு சரியா சொல்லணும்னா கிராஃபீம் ஸ்டர்லென் வேணும், அதுக்கு இன்ட்எல் எக்ஸ்டென்ஷனை ஆன் பண்ணணும். பேர் 20 எழுத்துக்கு மேல கூடாதுன்னு செக் வைக்கிறவங்க எதை எண்ணுறோம்னு பார்த்து வைங்க, இல்லன்னா நம்ம ஊர்ப் பேரெல்லாம் நீளமா இருக்குன்னு ஃபார்ம் திருப்பி அனுப்பிடும். தமிழ்ல பேர் எழுதுற ஒருத்தரை நம்ம சைட் திருப்பி அனுப்பக் கூடாது.

8 ஜிபி ராம் லேப்டாப். எல்லாரும் டாக்கர் போடு போடுங்குறாங்க. போடலாமா?
– வேலை தேடும் இளைஞர், மதுரை

டாக்கர்ங்கிறது ப்ராஜெக்ட்டையும் அதுக்கு வேண்டிய சாஃப்ட்வேரையும் தனிப் பெட்டி மாதிரி கட்டி ஓட்டுற கருவி. ஒரே ஒரு பிஹெச்பி சைட், ஒரு டேட்டாபேஸ், தனி ஆள்னா இப்போதைக்கு அவசரமில்ல. டீமா வேலை பார்த்தா, இல்ல போஸ்ட்கிரஸ், ரெடிஸ்னு நாலஞ்சு டேட்டாபேஸ், சர்வீஸ் சேர்ந்து ஓடணும்னா கண்டிப்பா போடுங்க, ஒரு காம்போஸ் ஃபைல்ல எல்லா வெர்ஷனும் எழுதி இருக்கும், எல்லாருக்கும் ஒரே மாதிரி எழும்பும். விண்டோஸ்ல டாக்கர் டபிள்யூஎஸ்எல்2 (விண்டோஸுக்குள்ளயே லினக்ஸ் ஓட்டுற வசதி) மேல ஓடும், அது பாதி ராம் வரைக்கும் எடுத்துக்கும், ப்ரௌசரும் எடிட்டரும் சேர்ந்தா லேப்டாப் திணறும். யூசர் ஃபோல்டர்ல டபிள்யூஎஸ்எல் கான்ஃபிக் ஃபைல் வச்சு 3 ஜிபின்னு அளவு கட்டிடுங்க. ப்ராஜெக்டையும் சி டிரைவ்ல வைக்காம லினக்ஸ் பக்கத்து ஹோம் ஃபோல்டர்ல வைங்க, ரெண்டு பக்கமும் ஃபைல் தாண்டி தாண்டிப் போறதுலதான் பாதி ஸ்லோ வருது.

பைதான் என்விரான்மென்டை ஆக்டிவேட் பண்ணா 'ரன்னிங் ஸ்க்ரிப்ட்ஸ் இஸ் டிசேபிள்ட்'ங்குது.
– மாணவி, நாகர்கோவில்

விண்டோஸ்ல கமாண்ட் அடிக்கிற பவர்ஷெல்லோட பாதுகாப்பு செட்டிங் அது, உங்க கோட்ல தப்பில்ல. பழைய கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து அதுல ஆக்டிவேட் பண்ணுங்க, ஓடும்.

பாலிடெக்னிக் லேப்ல 30 சிஸ்டம், இன்டர்நெட் கிடையாது. பைதான்ல வெப்சைட் கட்டுற ஜாங்கோ சொல்லித் தரணும். ஒவ்வொண்ணுலயும் இன்ஸ்டால் பண்றது எப்படி?
– விரிவுரையாளர், விழுப்புரம்

முடியும் சார், நல்லாவே முடியும். நெட் இருக்கிற ஒரு மெஷின்ல, லேப்ல இருக்கிற அதே விண்டோஸ், அதே பிட் (32ஆ 64ஆ), அதே பைதான் வெர்ஷன் இருக்கணும், இதுல ஒண்ணு மாறினாலும் சில பேக்கேஜ் ஏறாது. அங்க ரெக்வயர்மென்ட்ஸ் ஃபைல்ல ஜாங்கோவும் மத்ததும் வெர்ஷன் நம்பரோட எழுதி, பைதான் பேக்கேஜ் ஏத்துற பிப் கருவியில பிப் இன்ஸ்டாலுக்குப் பதிலா பிப் டவுன்லோட் குடுத்து ஒரு ஃபோல்டர்ல இறக்குங்க. ஜாங்கோவுக்குத் தேவையான மத்த பேக்கேஜும் தானா சேர்ந்து வந்துடும். அந்த ஃபோல்டரையும் பைதான் இன்ஸ்டாலரையும் பென்டிரைவ்ல எடுத்துட்டுப் போய், லேப்ல நோ-இண்டெக்ஸ், ஃபைண்ட்-லிங்க்ஸ் ரெண்டு ஆப்ஷனும் சேர்த்து பிப் இன்ஸ்டால் குடுத்தா நெட்டைத் தேடாம ஃபோல்டர்ல இருந்தே எடுத்துக்கும். பைதான் இன்ஸ்டால் பண்ணும்போது முதல் ஸ்க்ரீன்ல பாத்ல சேர்க்கவான்னு கேக்குற கட்டத்தை டிக் பண்ண மறக்காதீங்க, விட்டுட்டா பைதான்னு அடிக்கிற பசங்களுக்கு மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்து நிக்கும்.

டேட்டாபேஸுக்கு தனியா எதுவும் போட வேணாம், எஸ்க்யூலைட்ங்கிற டேட்டாபேஸ் பைதானோடயே வருது, ஜாங்கோ டீஃபால்ட்டா அதைத்தான் எடுத்துக்கும், ஒரே ஃபைல், ஒவ்வொரு பையனும் பொண்ணும் தன் வேலையை பென்டிரைவ்ல வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம். லேப்ல லேன் இருந்தா ஒரு மெஷின்ல ரன்சர்வரை 0.0.0.0, போர்ட் 8000ன்னு குடுத்து ஓட்டி, செட்டிங்ஸ்ல அலோவ்ட் ஹோஸ்ட்ஸ்ல அந்த மெஷினோட ஐபியைச் சேர்த்து, ஃபயர்வால் கேக்குறப்போ அனுமதி குடுத்துட்டீங்கன்னா மத்த 29 சிஸ்டத்துல இருந்தும் ப்ரௌசர்ல திறக்கலாம். ஒருத்தர் எழுதின சைட்டை பக்கத்து சீட்டுல இருக்கிறவங்க திறந்து பார்க்கட்டும் சார், சர்வர்னா என்னன்னு அந்த ஒரு பீரியட்லயே புரிஞ்சுடும்.