வேலைக்கு மகள் பொருந்துவாள். மகளுக்கு வேலை பொருந்துமா?

“நன்றாகப் படிக்கிற பெண். எதில் சேர்த்தாலும் பிழைத்துக்கொள்வாள். ஆனால் எதில் சேர்த்தால் நிம்மதியாக இருப்பாள்?” உங்கள் கவலை இதுதான் என்றால், இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. அவளால் அந்த வேலையைச் செய்ய முடியுமா என்பது ஒன்று. அவளுக்கு வேண்டியதை அந்த வேலை கொடுக்குமா என்பது இன்னொன்று. மதிப்பெண்ணும் நுழைவுத் தேர்வும் திறனறித் தேர்வும் முதல் கேள்வியோடு நின்றுவிடும்.

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் உளவியலாளர்கள் ரெனே டேவிஸும் லாய்ட் லாஃப்க்விஸ்டும் 1960-களில் வகுத்த பணிப் பொருத்தக் கோட்பாடு இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்கிறது. ஆளின் திறமை வேலைக்குப் போதுமானதாக இருந்தால் முதலாளிக்குத் திருப்தி. ஆளின் விழுமியங்களுக்கு, அதாவது அவர் எதையெல்லாம் விட்டுக்கொடுக்க மாட்டாரோ அவற்றுக்கு, வேலை ஈடுகொடுத்தால் அவருக்கே திருப்தி. இரண்டும் சேர்ந்தால்தான் ஒருவர் ஓரிடத்தில் நிலைப்பார். நல்ல பெயரோடு வேலை பார்த்த பிள்ளை திடீரென்று ராஜினாமா கடிதம் கொடுக்கும்போது வீட்டில் எல்லோரும் திகைத்துப்போவது, முதல் பொருத்தத்தை மட்டும் பார்த்து வந்ததால்தான்.

இந்தக் கோட்பாட்டை ஒட்டி, வேலைகளைப் பற்றிய விவரங்களைத் தொகுக்கும் அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓநெட் (O*NET) தரவுத்தளம் பணி விழுமியங்களை ஆறாகப் பிரிக்கிறது: சாதனை, சுதந்திரம், அங்கீகாரம், உறவுகள், மேலிட ஆதரவு, பணிச்சூழல். வேலை நிரந்தரமா என்ற கவலை பணிச்சூழலில் அடங்கும். பிறருக்கு உதவுவது, போட்டியில்லாமல் சக ஊழியர்களோடு இணங்கி வேலை செய்வது ஆகியவை உறவுகளில் வரும்.

இந்த ஆறையும் காட்டி “உனக்கு எது முக்கியம்?” என்று கேட்டால் எல்லாமே முக்கியம் என்றுதான் பதில் வரும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் ‘பிறருக்கு உதவுவது’ முதலிடத்துக்கு ஏறிவிடும். கேட்க நன்றாக இருக்கிற சொல்லைத் தேர்ந்தெடுப்பது மனித இயல்பு, அதில் தப்பில்லை. ஆனால் அது விழுமியத்தைக் காட்டாது. ஒன்றைப் பெற இன்னொன்றை இழக்க வேண்டும் என்ற நெருக்கடியில்தான் அது வெளியே வரும். அதனால் சோதனையை அப்படி அமைக்க வேண்டும்.

ஆறு துண்டுச் சீட்டுகளில் ஆறையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டிரண்டாக எடுத்து மோதவிட்டால் மொத்தம் 15 ஜோடிகள் வரும். ஒவ்வொரு ஜோடியையும் வெறும் சொல்லாக வைக்காமல் அதன் விலையோடு வைக்க வேண்டும். சுதந்திரமும் மேலிட ஆதரவும் மோதும்போது இப்படிக் கேளுங்கள்: “நீயே முடிவெடுக்கலாம், தப்பானால் பொறுப்பும் உன் தலையில். அல்லது எதையும் கேட்டுத்தான் செய்ய வேண்டும், தப்பானால் மேலதிகாரி உனக்காகப் பேசுவார். எது வேண்டும்?” இரண்டும் வேண்டும் என்று சொல்ல இடம் கொடுக்கக் கூடாது. ஜெயித்த சீட்டுக்கு ஒரு புள்ளி. ஒரு சீட்டு அதிகபட்சம் 5 வாங்கலாம். 4, 5 வாங்கியவை வேலையில் இருந்தே ஆக வேண்டியவை. 0, 1 வாங்கியவை இல்லாவிட்டாலும் பெரிதாக உறுத்தாது.

அரை மணி நேரம் போதும். இரண்டு வாரம் கழித்து, பழைய தாளைப் பார்க்காமல் மறுபடி செய்யச் சொல்லுங்கள். முதலிரண்டு இடங்கள் மாறாமல் இருந்தால் நம்பலாம். சில சமயம் சாதனை அங்கீகாரத்தை வெல்லும், அங்கீகாரம் சுதந்திரத்தை வெல்லும், சுதந்திரம் திரும்பிவந்து சாதனையை வெல்லும். இப்படிச் சுற்றிவந்தால் பிள்ளை குழம்பியிருக்கிறாள் என்று முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலும் ஒரே சொல்லை இரண்டு அர்த்தத்தில் எடுத்திருப்பாள். ‘அங்கீகாரம்’ என்றதும் ஒரு தடவை பதவி உயர்வையும் இன்னொரு தடவை பாராட்டையும் நினைத்திருக்கலாம். சீட்டை இரண்டாகப் பிரித்து எழுதிவிட்டு மீண்டும் செய்தால் தெளிந்துவிடும்.

இதே சோதனையை நீங்களும் தனி அறையில் செய்யுங்கள், உங்கள் வேலையை நினைத்து அல்ல, அவளுக்கு எப்படிப்பட்ட வேலை அமைய வேண்டும் என்று நினைத்து. பிறகு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். உங்கள் தாளில் பணிச்சூழலுக்கு 5, அவள் தாளில் 1 என்று இருந்தால், வீட்டில் நடக்கும் வாக்குவாதம் துறையைப் பற்றியதே அல்ல, பாதுகாப்பைப் பற்றியது. அதை அப்படியே பேசுங்கள்: எத்தனை மாதச் செலவுக்குச் சேமிப்பு இருந்தால் உங்களுக்குத் தூக்கம் வரும்? விரும்பியதை முயன்று பார்க்க அவளுக்கு எத்தனை வருடம் அவகாசம்? இந்த இரண்டு எண்களையும் எழுதிவிட்டால் பாதிச் சண்டை அடங்கும். உங்கள் பயமும் நியாயமானது. குடும்பத்தில் பணத்தட்டுப்பாடு இருக்கும்போது பிள்ளையே பாதுகாப்பை முதலில் வைத்தால் அதை மாற்ற முயல வேண்டாம். நிலைமை தேறியபின் வரிசை தானாக மாறலாம்.

அடுத்தது, பலரும் தவறுகிற இடம். சீட்டில் வந்த விழுமியத்தை நேரே ஒரு படிப்பின் பெயரோடு கோத்துவிடுகிறார்கள். துறைப் பெயருக்குள் ஒரே வேலை இருப்பதில்லை. கணக்கியல் படித்தவர் தணிக்கை நிறுவனத்தில் இருந்தால் அடிக்கடி புது இடம், புது ஆட்கள், கெடு நெருங்கும்போது கழுத்தை நெரிக்கும் வேலை. அதே படிப்போடு ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தால் மாதாமாதம் அதே ஏடுகள், அதே முகங்கள். ஒருவருக்கு மூச்சு முட்டுகிற இடம் இன்னொருவருக்கு நிம்மதி. எனவே அந்த வேலையில் இருக்கிற மூன்று பேரையாவது தேடிப்பிடித்துப் பேசச் சொல்லுங்கள். “வேலை எப்படி?” என்று கேட்டால் “பரவாயில்லை” என்பார்கள். “நேற்று காலை வந்ததிலிருந்து கிளம்பும்வரை என்ன செய்தீர்கள்? எந்த முடிவை நீங்களே எடுத்தீர்கள்? உங்கள் வேலையை யார் பார்த்தார்கள்?” என்று கேட்டால்தான் விஷயம் கிடைக்கும்.

ஆறும் ஒரே வேலையில் கிடைக்காதது அவள் குறை அல்ல. உளவியலாளர் ஷாலோம் ஷ்வார்ட்ஸ் 1992-இல் வெளியிட்ட ஆய்வில் 10 அடிப்படை விழுமியங்களை ஒரு வட்டத்தில் அடுக்கினார். அதில் பக்கத்தில் உள்ளவை ஒத்துப்போகும், எதிரெதிரே உள்ளவை முட்டிக்கொள்ளும். பாதுகாப்புக்கு எதிர்ப்பக்கம் சுயமுடிவும் புதுமை நாட்டமும் இருக்கின்றன. எதிரெதிரான இரண்டும் பிள்ளைக்கு உயர்ந்த புள்ளி வாங்கியிருந்தால், ஒன்றை வேலையிலும் மற்றொன்றை வேலைக்கு வெளியிலும் தேடும்படி திட்டமிடுங்கள். நிரந்தர வேலையும் வாரக்கடைசியில் சொந்த முயற்சியும் சேர்ந்த வாழ்க்கை சமாளிப்பு அல்ல, முழு ஏற்பாடுதான்.

ஏற்கெனவே வேலையில் சேர்ந்து வாடிப்போயிருக்கிற பிள்ளைக்கு வழி வேறு. 10 வேலை நாட்கள் தொடர்ந்து, மணிக்கொரு வரி, செய்த வேலையையும் பக்கத்தில் கூட்டல் அல்லது கழித்தல் குறியையும் எழுதட்டும். மாலையில் மொத்தமாக எழுதினால் அன்றைய கடைசி எரிச்சல் முழு நாளையும் கறுப்பாக்கிவிடும், அவ்வப்போதே எழுத வேண்டும். பிறகு கழித்தல் குறிகளை ஆறு விழுமியங்களின் கீழ் பிரித்துப் பார்க்கட்டும். எல்லாம் மேலிட ஆதரவின் கீழ் குவிந்தால் துறையில் பிழையில்லை, அந்த மேலதிகாரியிடம்தான் சிக்கல். குழு மாற்றம் கேட்டுப் பார்க்கலாம். வேலையின் மையமான பகுதியிலேயே, அதுவும் முதலிரண்டு விழுமியங்களின் கீழ், கழித்தல் குறிகள் குவிந்தால் குழு மாறியும் பயனில்லை. அப்போதுதான் வேறு வேலையைப் பற்றிப் பேச வேண்டும், கையில் அந்த 10 நாள் தாளோடு.