கல்லூரி வளாகத்தில் மறுபயனீடும் உரமாக்குதலும்: கேள்வி பதில்

சிங்கப்பூரில் வளாகப் பராமரிப்புத் துறையில் நெடுங்காலம் பணியாற்றி, குப்பை அகற்றும் ஒப்பந்தங்களையும் சமூகத் தோட்டத்து உரத்தொட்டிகளையும் ஒருசேரக் கவனித்துவரும் ஒருவர், மாணவர்களும் ஆசிரியர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறார்.

கேள்வி (பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி, சுற்றுச்சூழல் மன்றம்): ஐயா, வளாகம் முழுவதும் மறுபயனீட்டுத் தொட்டிகளைக் கூடுதலாக வைத்தோம், சுவரொட்டிகளும் ஒட்டினோம். ஆனாலும் தொட்டிக்குள் பாதி குடித்த பபிள் டீயும் மெல்லிழைத்தாளும் சோற்றுப் பொட்டலமும்தான் கிடக்கின்றன. எங்கே தவறு?

பதில்: தொட்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டியதுதான் தவறு என்று நினைக்கிறேன். நம் குடியிருப்புப் பேட்டைகளின் நீல நிறத் தொட்டிகளில் சேர்வனவற்றிலேயே ஏறத்தாழ 40 விழுக்காடு மறுபயனீட்டுக்கு உதவாதவை என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் பலமுறை கூறியுள்ளது. வீட்டில் நிதானமாகப் பிரித்துப் போடுவோரின் நிலையே இதுவென்றால், அடுத்த வகுப்புக்கு ஓடும் மாணவர் கையிலிருக்கும் குவளையை எதில் போடுவார் என்று எண்ணிப் பாருங்கள். கண்ணில் முதலில் படுவது எதுவோ அதில்தான் போடுவார்.

ஆகவே, தனித்து நிற்கும் மறுபயனீட்டுத் தொட்டி ஒவ்வொன்றையும் முதலில் அகற்றுங்கள், அல்லது அதன் பக்கத்திலேயே ஒரு பொதுக் குப்பைத் தொட்டியை வையுங்கள். தனியாக நிற்கும் தொட்டி, என்ன நிறத்தில் இருந்தாலும், குப்பைத் தொட்டியாகவே பயன்படும். அடுத்ததாக, மூடியின் வாய் வடிவத்தை மாற்றுங்கள்: தாளுக்கு ஒடுங்கிய பிளவும், போத்தலுக்கும் டின்னுக்கும் வட்டத் துளையும் இருந்தால், சோற்றுப் பொட்டலத்தோடு வருபவர் ஒரு கணம் தயங்குவார், அந்தத் தயக்கம்தான் நமக்கு வேண்டும். மூன்றாவது, பானக் கடைகளுக்கு அருகில் மிச்சப் பானத்தையும் ஐஸ்கட்டியையும் கொட்ட வடிதட்டு வைத்த வாளி ஒன்று இருக்க வேண்டும். சிங்கப்பூரில் தாளும் பிளாஸ்டிக்கும் உலோகமும் கண்ணாடியும் ஒரே தொட்டியில் சேர்ந்து போவதால், கவிழ்ந்த ஒரு குவளைப் பானம் அந்தப் பையிலுள்ள தாள் அனைத்தையும் கெடுத்துவிடும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பராமரிப்பு அலுவலகத்தின் அனுமதியோடு, குறிப்பிட்ட சில தொட்டிகளின் பைகளை வாங்கித் தார்ப்பாயில் கொட்டி, கையுறை அணிந்து, வகை வகையாகப் பிரித்து எடை போடுங்கள். மாற்றம் செய்த பிறகு அதே தொட்டிகளில், அதே கிழமையில், மீண்டும் எடை போடுங்கள். தேர்வு வாரத்தில் எடுத்த கணக்கைச் சாதாரண வாரத்துக் கணக்கோடு ஒப்பிட வேண்டாம். நூலகம், நகலெடுக்கும் அறை ஆகிய இடங்களில் கிடைக்கும் தாள் மிகவும் தூய்மையாக இருப்பதையும், உணவுக்கூடத்தருகே இருக்கும் தொட்டி அநேகமாகப் பயனற்றதாக இருப்பதையும் நீங்களே காண்பீர்கள். தூய்மையான இடத்தில் தொடங்குங்கள். சுவரொட்டியைப் பற்றி என் கருத்து: தொட்டியின் வாய்க்கு நேர் மேலே, அந்த வளாகத்தில் உண்மையாகவே விற்கப்படும் பொருள்களின் படத்தோடு ஒட்டினால் பயன் உண்டு, மற்றபடி அது ஒட்டியவரின் மனநிறைவுக்கு மட்டுமே.

கேள்வி (பல்கலைக்கழக முதலாம் ஆண்டு மாணவர்): நாம் பிரித்துப் போட்டாலும் கடைசியில் எல்லாம் ஒரே லாரியில்தானே போகிறது? துப்புரவாளர் இரண்டு பைகளையும் ஒன்றாகக் கட்டியதை நான் கண்டிருக்கிறேன்.

பதில்: நீங்கள் கண்டது உண்மையாக இருக்கலாம், ஆனால் அதற்குப் பொருள் வேறு. மறுபயனீட்டுப் பொருள்களைத் தனி லாரி ஏற்றிச் சென்று, பிரித்தெடுக்கும் நிலையத்தில் வகைப்படுத்துகிறார்கள். அவை அனைத்தும் கலந்தே ஏற்றப்படுவதால் பார்ப்பவருக்கு எல்லாம் குப்பைக்குப் போவதுபோல் தோன்றும். எனினும், பையில் குழம்பு ஊற்றிக் கிடந்தால் அதைப் பொதுக் குப்பையோடு சேர்ப்பதைத் தவிரத் துப்புரவாளருக்கு வேறு வழியில்லை.

உயர்கல்வி வளாகங்கள் பெரும்பாலும் குப்பை அகற்றும் நிறுவனத்தைத் தாங்களாகவே ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. எனவே உங்கள் ஐயத்தைப் பராமரிப்பு அலுவலகத்திடம் மூன்று கேள்விகளாகக் கேளுங்கள்: மறுபயனீட்டுப் பொருள்களை யார் எடுக்கிறார்கள், எங்கே கொண்டுசெல்கிறார்கள், மாதந்தோறும் எடைச்சீட்டு தருகிறார்களா? எடைச்சீட்டு இல்லாத இடத்தில் உங்கள் ஐயம் நியாயமானதே. ஒரு பொருள் எங்கே போய்ச் சேரும் என்று உறுதியாகத் தெரியாமல் அதற்கென்று ஒரு தொட்டி வைக்கக் கூடாது என்பதை நான் விதியாகவே வைத்திருக்கிறேன்.

கேள்வி (பொறியியல் மாணவர்): குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிறோமே, பிறகு உணவுக் கழிவை ஏன் உரமாக்க வேண்டும்?

பதில்: எரித்தால் குப்பையின் கன அளவு ஏறத்தாழ 90 விழுக்காடு குறைகிறது என்பது உண்மை. ஆனால் மிஞ்சும் சாம்பல், துவாஸிலிருந்து படகில் ஏறிச் செமக்காவ் தீவிலுள்ள குப்பை நிரப்பு நிலத்துக்குப் போகிறது. 1999இல் திறக்கப்பட்ட அந்த இடம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. நமக்கு இருப்பது அது ஒன்றுதான். மேலும், உணவுக் கழிவில் பெரும்பகுதி நீர். பொறியியல் படிப்பவரான உங்களுக்கு, ஈரத்தை ஆவியாக்கவே எவ்வளவு வெப்பம் வீணாகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. 2023இல் நாட்டில் சேர்ந்த உணவுக் கழிவு ஏறத்தாழ 755,000 டன். அதில் மறுபயனீடு செய்யப்பட்டது 18 விழுக்காடு அளவே.

ஆனாலும் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன்: உரமாக்குவதைக் காட்டிலும் மிஞ்சாமல் பார்த்துக்கொள்வதே மேல். உணவுக்கூடக் கடைக்காரர்கள் 'குறைந்த சோறு' என்று கேட்பவருக்கு முகம் சுளிக்காமல் குறைத்துப் போட்டாலே, எந்த உரத்தொட்டியும் தரும் பயனை அது விஞ்சிவிடும்.

கேள்வி (விடுதி மாணவி): எங்கள் விடுதியின் பின்புறத்தில் உரத்தொட்டி வைக்க அனுமதி கேட்டோம். நாற்றம், கரப்பான், எலி, கொசு என்று காரணம் கூறி நிர்வாகம் மறுத்துவிட்டது. எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: நிர்வாகத்தின் அச்சம் நான்கும் நியாயமானவை, ஒவ்வொன்றுக்கும் விடையோடு போனால் சம்மதிப்பார்கள்.

நாற்றம் என்பது காற்றில்லாமல் அழுகுவதன் அடையாளம். உணவுக் கழிவில் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுதி. உலர்ந்த இலையில் கரிமம் (கார்பன்) மிகுதி. இரண்டும் கலந்து, ஒரு பங்கு தழைச்சத்துக்கு ஏறத்தாழ 25 முதல் 30 பங்கு கரிமம் என்ற நிலையில் நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்யும். இதைக் கணக்கிட்டுக்கொண்டிருக்க வேண்டாம்: ஒரு வாளி பழத்தோலுக்கு இரண்டு அல்லது மூன்று வாளி காய்ந்த சருகு என்பதே கைக்கணக்கு. நம் வளாகங்களில் தூங்குமூஞ்சி மரங்களும் அங்சானா மரங்களும் நாள்தோறும் சருகைக் கொட்டுகின்றன. தோட்டப் பராமரிப்பாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால், கூட்டிய சருகை மூட்டையாகவே கொண்டுவந்து தருவார். இந்தச் சருகு மூட்டைகளை மழை படாத இடத்தில் அடுக்கி வைத்த பிறகே உணவுக் கழிவைச் சேர்க்கத் தொடங்குங்கள். சருகு தீர்ந்த நாளில்தான் நாற்றம் தொடங்கும்.

ஈரத்தைக் கையாலேயே அறியலாம். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் ஓரிரு துளி கசிய வேண்டும். நீர் ஒழுகினால் சருகு சேருங்கள், ஒன்றும் கசியாவிட்டால் நீர் தெளியுங்கள். நம் ஊர் மழைக்கும் புழுக்கத்துக்கும் பெரும்பாலும் சருகுதான் தேவைப்படும். வாரம் ஒருமுறையாவது புரட்டுங்கள். ஒரு கன மீட்டர் அளவுள்ள குவியலாக இருந்தால் உள்ளே 55 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறும். களை விதைகளும் நோய்க்கிருமிகளும் மடிய அந்தச் சூடு தேவை. சிறிய தொட்டிகளில் அவ்வளவு சூடு நிற்காது. உரமாகக் கூடுதல் காலம் பிடிக்கும், அவ்வளவே.

எலி வருவது சமைத்த உணவுக்காக. கறி, மீன், எலும்பு, எண்ணெய், குழம்பு, பால் எதையும் சேர்க்காதீர்கள். உப்பும் எண்ணெயும் உரத்தின் தரத்தையும் கெடுக்கும். பழக்கடைத் தோல், காய்கறி நறுக்கு, தேயிலைச் சக்கை, காப்பிச் சக்கை ஆகிய நான்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காப்பிச் சக்கை பழுப்பு நிறத்தில் இருப்பதால் பலர் அதைச் சருகுக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அது தழைச்சத்துள்ள பொருள், உணவுக் கணக்கில்தான் வரும். புதிதாகச் சேர்ப்பதை எப்போதும் சருகால் மூடுங்கள். கரப்பானும் ஈயும் குறையும். பருத்த, சாம்பல் நிறப் புழுக்கள் தோன்றினால் பதற வேண்டாம். அவை பெரும்பாலும் கறுப்புப் படைவீரர் ஈயின் புழுக்கள், கழிவைத் தின்று வேகமாகக் குறைப்பவை. ஆனால் அவை பெருகினால் தொட்டியில் ஈரம் மிகுந்துவிட்டது என்று கொள்ளலாம்.

கொசுவைப் பற்றி நிர்வாகம் கேட்பதற்கு முன் நீங்களே பேசுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிடுவது உரத்தில் அன்று. மூடியின் பள்ளத்திலும், அடித்தட்டிலும், பக்கத்தில் மறந்துவிட்ட வாளியிலும் தேங்கும் நீரில்தான். சரிந்த மூடி, நீர் வடியும் அடிப்பகுதி, நாள்தோறும் பார்வையிடுவோரின் பெயர்ப் பட்டியல் ஆகியவற்றை விண்ணப்பத்திலேயே இணையுங்கள். பட்டியலில் பள்ளி விடுமுறை வாரங்களுக்கும் பெயர் இருக்க வேண்டும். மாணவர் தொடங்கிய உரத்தொட்டிகள் பெரும்பாலும் டிசம்பரில்தான் கைவிடப்படுகின்றன.

கேள்வி (விரிவுரையாளர்): 24 மணி நேரத்தில் உணவுக் கழிவை உரமாக்கும் இயந்திரம் வாங்க எங்கள் துறை யோசிக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்குமுன், அதிலிருந்து வெளிவருவது என்ன என்று பாருங்கள். சிலவகை இயந்திரங்கள் கழிவை நீராக்கிச் சாக்கடையில் விடுகின்றன. அந்த நீர் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் வரம்புகளுக்குள் இருக்க வேண்டும், உரமும் கிடைக்காது. வேறு சில, சூடேற்றிக் கிளறி உலர்த்துகின்றன. ஒரே நாளில் வெளிவரும் அந்தத் தூள், உரமாகும் பாதையில் இருப்பதே தவிர முதிர்ந்த உரம் அன்று. நேரே செடிக்கு இட்டால் மண்ணில் மீண்டும் அழுகத் தொடங்கி வேரைப் பாதிக்கும். பல வாரங்கள் முதிரவிட இடமும் ஆளும் உள்ளனவா என்பதுதான் முதல் கேள்வி. விலை அதற்கு அடுத்தது.

இரண்டாவது கேள்வி, யார் பிரிப்பது என்பது. தட்டுத் திருப்பிவைக்கும் இடத்தில் சோற்றோடு குச்சியும் மெல்லிழைத்தாளும் சாஸ் பொட்டலமும் சேர்ந்தே வருகின்றன. அவற்றைப் பொறுக்கி எடுப்பவர் பெரும்பாலும் வயதில் மூத்த துப்புரவாளர். அவருடைய ஒப்பந்தத்தில் அந்த வேலைக்கான நேரமும் ஊதியமும் சேர்க்கப்படாவிட்டால், திட்டம் அவர் தலையில் ஏற்றிய சுமையாகவே முடியும். பெரிய ஹோட்டல்களும் கடைத்தொகுதிகளும் உணவுத் தொழிற்கூடங்களும் 2024 முதல் உணவுக் கழிவைத் தனியே பிரிக்கச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. அங்கே கிடைக்கும் பாடமும் இதுவே: இயந்திரம் எளிது, பிரிப்பது கடினம். சமையல் பக்கத்துக் கழிவை மட்டும் முதலில் எடுங்கள். அது சமையற்காரர் கையிலேயே தூய்மையாகக் கிடைக்கிறது.

கேள்வி (மாணவர் பேரவை உறுப்பினர்): நிகழ்ச்சிகளுக்கு 'மக்கும்' பிளாஸ்டிக் குவளைகளை வாங்கினால் பிரச்சினை தீருமா?

பதில்: தீராது. இங்கே அவையும் எரிக்கத்தான் போகின்றன. அவற்றில் பல, தொழிற்சாலை அளவிலான உரமாக்கும் சூட்டில்தான் மக்கும். உங்கள் விடுதித் தொட்டியில் அப்படியே கிடக்கும். கழுவிப் பயன்படுத்தும் குவளைகளை வாடகைக்கு எடுங்கள்.

கேள்வி (தமிழ் மன்றச் செயலாளர்): பொங்கல் விழாவில் முந்நூறு பேருக்கு வாழையிலைச் சாப்பாடு போடுகிறோம். இலை இயற்கைதானே, அப்படியே உரத்தில் போடலாமா?

பதில்: இலை இயற்கைதான், ஆனால் இலையில் மிஞ்சும் சாம்பாரும் நெய்யும் பாயசமும்தான் சிக்கல். இலையை மடித்தவுடன் அப்படியே பையில் தள்ளாமல், எச்சிலை எடுக்கும் இடத்தில் இரண்டு வாளிகளும் தொண்டர் இருவரும் இருக்கட்டும்: மிச்ச உணவு ஒன்றில், வழித்த இலை மற்றொன்றில். இலையை முழுதாகப் போட்டால் ஒன்றன்மேல் ஒன்று படிந்து காற்றை மறிக்கும். நடுநரம்பை நீக்கி, கிழித்துச் சருகோடு கலக்க வேண்டும். கரும்புச் சக்கையைத் துண்டாக நறுக்கினால் மிக நல்ல பொருள். தேங்காய் மட்டை மக்க நெடுங்காலம் ஆகும், தவிர்த்துவிடுங்கள். மாவிலைத் தோரணமும் பூமாலையும் உரத்துக்கு உகந்தவையே, நைலான் கயிறும் ஜிகினாவும் அவற்றோடு வராமல் இருந்தால். வாழைநாரில் கட்டிய மாலையைக் கடையில் முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முதன்மையானது, வருகையை முன்பதிவு செய்து அதற்கேற்பச் சாப்பாடு சொல்வது. 'குறைந்துபோனால் மானம் போகும்' என்று ஐம்பது பேருக்குக் கூடுதலாகச் சொல்லும் வழக்கம் நம்மிடம் அழுத்தமாகவே இருக்கிறது. முந்நூறு பேர் பதிந்தால் எல்லாரும் வருவதில்லை என்பதையும் நாம் அறிவோம். மிஞ்சியதைப் பகிர நினைத்தால், உணவு விநியோகிப்பாளர் குறித்துக் கொடுத்த நேரத்துக்குள் பகிர்ந்துவிட வேண்டும். மாலைவரை மேசையில் கிடந்த சோற்றை எவருக்கும் கொடுக்காதீர்கள்.

கேள்வி (தொடக்கக் கல்லூரி ஆசிரியை): பானம் வாங்கும்போது போத்தலுக்கு 10 காசு முன்பணம் கட்டி, வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுத்து அதைப் பெறும் திட்டம் வளாகத்தில் எதை மாற்றும்?

பதில்: 2026 ஏப்ரல் 1இல் தொடங்குவதாக அறிவிக்கப்பட்ட அத்திட்டம், 150 மில்லிலிட்டர் முதல் 3 லிட்டர் வரையிலான பிளாஸ்டிக் போத்தல்களுக்கும் உலோக டின்களுக்கும் உரியது, அதற்கான குறியீடு இருந்தால்தான் பணம் திரும்பும். விற்பனை மதிப்புள்ள பொருள்கள் தனி வழியில் போய்விடுவதால், உங்கள் மறுபயனீட்டுத் தொட்டியில் எஞ்சுவது பெரும்பாலும் தாளாகவே இருக்கும். அதை நான் இழப்பாகக் கருதவில்லை. தாளுக்கு மட்டுமான தொட்டியைத் தூய்மையாக வைத்திருப்பது எளிது. போத்தல்களை நசுக்காமல் போட ஒரு தனிக் கூடை வைத்து, கிடைக்கும் தொகையை மாணவர் மன்றத்துக்கோ துப்புரவாளர்களுக்கோ உரியதென முன்னரே எழுதி ஒட்டிவிடுங்கள். பிறகு பூசல் வராது.

கேள்வி (விடுதி மாணவர்): உரம் தயாராகிவிட்டது. முதிர்ந்துவிட்டதா என்று எப்படி அறிவது? யாரிடம் கொடுப்பது?

பதில்: சூடு தணிந்து, மண்வாசனை வந்து, போட்ட பொருள் எதுவும் அடையாளம் தெரியாமல் போயிருக்க வேண்டும். உறுதிசெய்ய, பாதி உரமும் பாதி மண்ணும் கலந்த தொட்டியில் கீரை விதை தூவுங்கள். பக்கத்தில் வெறும் மண்ணிலும் அதே அளவு தூவுங்கள். இரண்டிலும் ஒரே அளவில் முளைத்தால் உரம் தயார். உரமிட்டதில் முளைப்பு குன்றினால் இன்னும் சில வாரங்கள் விட்டுவையுங்கள். வளாகத் தோட்ட ஒப்பந்தக்காரர் பெரும்பாலும் வாங்க மாட்டார். அருகிலுள்ள பேட்டைகளில், தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் உருவான சமூகத் தோட்டங்கள் இருக்கும். சலித்து, உலர்த்தி, ஐந்து கிலோ பைகளாகக் கட்டிக்கொண்டு சனிக்கிழமை காலையில் போனால் தோட்டக்காரர்களை நேரிலேயே பார்க்கலாம். அதில் என்னென்ன சேர்த்தீர்கள் என்பதைப் பையின்மேல் எழுதிவிடுங்கள். அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.