எடை கூடினால் ஆஸ்துமா வருமா?
அம்மாவுக்கு எடை ஏறினதால்தான் ஆஸ்துமா வந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். எடை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் வாய்ப்பு நிச்சயம் கூடும்; 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து 2007-ல் வந்த அலசலில், எடை அதிகமானவர்களுக்குப் புதிதாக ஆஸ்துமா வருவது சுமார் ஒன்றரை மடங்கு. வயிற்றுக் கொழுப்பு, நுரையீரலுக்குக் கீழே இருக்கும் உதரவிதானம் என்ற தசையை மேலே தள்ளுவதால் நுரையீரல் முழுசாக விரியாது, மூச்சுக்குழாயும் குறுகும், அப்புறம் அந்தக் கொழுப்பே அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கிறது.

ரங்கூனில் எங்கள் சித்திக்கு லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நாலாவது மாடி. இரண்டாவது திருப்பத்திலேயே கைப்பிடியைப் பிடித்து நின்றுவிடுவார், நெஞ்சுக்குள் விசில் சத்தம் பக்கத்தில் நிற்கும் எனக்கே கேட்கும். 6 கிலோ குறைந்ததும் நிற்காமல் ஏறுகிறார்.

ஆனால் இரைப்பு எல்லாமே ஆஸ்துமா இல்லை, ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையை முதலில் செய்யுங்கள், டாக்டர் சொல்லாமல் இன்ஹேலரை நிறுத்த விடாதீர்கள்.