மேய்ச்சல் நிலத்தில் ஆரஞ்சுப் பூ: மாடுகளை விடலாமா?

கேள்வி: மேற்கு ஆஸ்திரேலியாவில், பெர்த்துக்குக் கிழக்கே சிறு பண்ணை ஒன்றை வாங்கியிருக்கிறோம். செப்டம்பர் பிறந்ததும் மேய்ச்சல் நிலத்தின் தாழ்வான பகுதி முழுவதும் ஆரஞ்சு கலந்த இளஞ்சிவப்பில் ஆறிதழ்ப் பூக்கள் பூத்துவிட்டன. செடிக்கு ஒரே ஒரு நீண்ட இலை. தோண்டினால் நார் போர்த்திய சிறு கிழங்கு வருகிறது. மூலனூர்ப் பக்கம் எங்கள் குடும்பம் செங்காந்தள் பயிரிட்டது. இதுவும் அதன் இனமா? அடுத்த மாதம் மாடுகள் வாங்குகிறோம். மேய விடலாமா, அல்லது வெட்டி உலர்தீவனம் ஆக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். உலர்தீவனம் ஆக்கவே கூடாது. நீங்கள் சொல்லும் அடையாளங்கள் ஒற்றையிலைக் கேப் டியூலிப்புக்கு உரியவை. தாவரவியல் பெயர் மொரேயா ஃபிளாசிடா. தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் பகுதியில் இயல்பாக வளரும் காட்டுச் செடி இது. அழகுக்காக ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்தார்கள், தோட்டத்தைத் தாண்டி வயலுக்கு வந்துவிட்டது. பெயரில் டியூலிப் இருந்தாலும் குடும்பம் ஐரிஸ்.

செங்காந்தளுக்கும் இதற்கும் உறவில்லை. ஒரு பூவைக் கையில் எடுத்து மகரந்தத்தாள்களை எண்ணுங்கள். செங்காந்தளில் ஆறு இருக்கும், இதில் மூன்றுதான். அந்த மூன்றும் ஒன்றாக ஒட்டி, சூல்தண்டைச் சுற்றித் தூண்போல நிற்கும். அடுத்து, சூற்பை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். செங்காந்தளில் இதழ்களுக்கு மேலே இருக்கும், இதில் இதழ்களுக்குக் கீழே காம்பின் நுனியில் பச்சையாகத் தெரியும். அதுவே முற்றி, ஏராளமான விதைகள் கொண்ட நீண்ட காய் ஆகிறது.

இலையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஐரிஸ் குடும்பம் என்றாலே விசிறிபோல் அடுக்கிய வாள் இலைகளைத் தேடுவார்கள். இதன் இலையோ உட்புறம் குழிந்த வாய்க்காலாக, ஒரு மீட்டர் வரை நீண்டு, பாதியில் மடங்கித் தரையில் விழும். பூக்காத இளஞ்செடியைப் புல் என்றே நினைத்துக் கடந்துவிடுவோம். செடிக்கு இரண்டு மூன்று இலைகள் இருந்து, இலைக்கக்கத்தில் குட்டிக் கிழங்குகள் கொத்தாக ஒட்டியிருந்தால் அது ஈரிலை வகையான மொரேயா மினியாட்டா. நஞ்சில் இரண்டும் ஒன்றுதான்.

நஞ்சு இதயத்தைத் தாக்கும் கிளைகோசைடு வகை. செடி காய்ந்தாலும் அது குறைவதில்லை. பச்சையாக நிற்கும்போது, அதோடு பழகிய மாடு ஒதுக்கிவிட்டு மற்ற புல்லை மேயும். தீவனக் கட்டில் கலந்துவிட்டால் எதைப் பொறுக்கி ஒதுக்கும்? மிகவும் ஆபத்தானது நீங்கள் செய்யவிருப்பதுதான்: வெளியூரிலிருந்து பசியோடு லாரியில் வந்திறங்கும் மாடுகளை நேரே இந்த நிலத்தில் விடுவது. முதலில் வேறு பட்டியில் அடைத்து வயிறாரத் தீவனம் போடுங்கள். பூ நிற்கும் பகுதியை வேலியிட்டுப் பிரித்துவையுங்கள். தீனி மறுத்தல், கழிச்சல், தள்ளாட்டம், பின்னங்கால் வலுவிழத்தல் ஆகியவை தெரிந்தால் மாட்டை ஓட்டாமல் நின்ற இடத்திலேயே அமைதியாக வைத்து, கால்நடை மருத்துவரை அழையுங்கள். நேரடி மாற்றுமருந்து கிடையாது. நேரத்தோடு வந்தால் மருத்துவர் நஞ்சை உறிஞ்சும் கரிமருந்து கொடுக்க முடியும்.

ஒழிக்கும் வழி கிழங்கில் இருக்கிறது. அதை நறுக்கிப் பாருங்கள்: வெங்காயம்போல் அடுக்கு இராது, உள்ளே கெட்டியாக இருக்கும். இது கந்தம். இலையுதிர்கால மழையில் முளைத்து, வளர வளரப் பழைய கிழங்கு தன் சேமிப்பைச் செலவழித்துச் சுருங்கும். பூக்கும் காலத்தை ஒட்டிப் புதுக் கிழங்கு உருவாகிறது. பழையது தீர்ந்து புதியது தேறாத இடைவெளி, அதாவது பூப்பதற்குச் சற்று முன், செடி மிகவும் பலவீனமாக இருக்கும். மெட்சல்ஃப்யூரான் என்ற களைக்கொல்லியைத் தெளிப்பதானால் அப்போதுதான் தெளிக்க வேண்டும். ஆனால் அது தீவனப் பயறுவகைச் செடியான குளோவரையும் கொன்றுவிடும் என்பதைக் கணக்கில் வையுங்கள். குளோவர் முக்கியம் என்றால், மேய்ச்சல் புல்லைவிட உயர்ந்து நிற்கும் இலைகளில் மட்டும் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் துடைத்துப் பூசும் கருவி உண்டு. மருந்தடித்த செடி வாடும்போது மாட்டுக்கு ருசிக்கத் தொடங்கலாம். முழுதும் மடியும் வரை மாடுகளை உள்ளே விடாதீர்கள். அளவும் இடைவெளியும் டப்பாவின் லேபிளில் உள்ளபடியே இருக்கட்டும்.

பத்திருபது செடிகள் என்றால் கையுறை போட்டு, மண்ணோடு தோண்டி எரித்துவிடலாம். உங்கள் நிலத்தின் பரப்புக்கு அது ஆகாது. கலப்பையால் அரைகுறையாகக் கிளறினால் கிழங்குகள் இன்னும் பரவும். இந்த ஆண்டு தாமதமாகிவிட்டது, காய் முற்றுமுன் பூத்தண்டுகளை வெட்டி விதையை மட்டும் தடுங்கள். வெட்டியதை மாடுகள் எட்டாத இடத்தில் போடுங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் எல்லாக் கிழங்கும் முளைப்பதில்லை. ஒரு பகுதி மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கும். அடுத்த ஆண்டு நிலம் வெறுமையாகத் தெரிந்தாலும் வேலியைப் பிரிக்க வேண்டாம். இது அங்கே சட்டப்படி அறிவிக்கப்பட்ட களை என்பதால் உங்கள் கடமை என்ன என்பதை மாநில வேளாண் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நிலத்தை விற்றவரிடம் இதற்கு முன் என்ன மருந்து அடித்தார் என்றும் விசாரியுங்கள்.