பிக்கப் வண்டி சீக்கிரம் ஸ்டார்ட் ஆகலையா? கேளுங்க, சொல்றேன்

கேக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. செல்ஃப் மந்தமா சுத்துதா, இல்ல விறுவிறுன்னு சுத்தியும் இன்ஜின் பிடிக்கலையா? முதலாவது கரண்ட் பக்கம், ரெண்டாவது பெரும்பாலும் எரிபொருள் பக்கம். எதுன்னு சொல்லிட்டுக் கேளுங்க.

கே: அண்ணே, டீசல் பிக்கப். காலைல சாவியைத் திருப்பினா இழுத்து இழுத்துச் சுத்துது. பேட்டரி புதுசு, மீட்டர்ல 12.6 காட்டுது. அப்ப செல்ஃப் மோட்டார் போச்சுதானே?

அவசரப்படாதீங்க. 12.6 வோல்ட் பேட்டரி சும்மா இருக்கும்போது வர்ற கணக்கு. படுத்திருக்கிறவரைப் பாத்து மூட்டை தூக்குவார்னு சொல்ல முடியுமா? ஒருத்தரை செல்ஃப் அடிக்கச் சொல்லி, அந்த நேரத்துல அளங்க. 9.6க்குக் கீழ இறங்கினா பேட்டரியில தெம்பில்ல, இல்லன்னா மோட்டார் அளவுக்கு மேல கரண்ட் இழுக்குது. 10.5 வோல்ட்டுக்கு மேல நின்னும் மந்தமா சுத்தினா கேபிளைப் பாருங்க.

மீட்டரோட சிவப்பு முனையை பேட்டரி பிளஸ் ஈயக் குமிழ் மேலயே வைங்க, கிளாம்ப் மேல வேண்டாம். கறுப்பு முனையை செல்ஃப் மோட்டாரோட தடிச்ச போல்ட்ல வைங்க. செல்ஃப் அடிக்கும்போது 0.5 வோல்ட்டுக்கு மேல காட்டினா அந்த வழியில கரண்ட் வீணாகுது. அடுத்து பேட்டரி மைனஸ் குமிழுக்கும் இன்ஜின் வெறும் இரும்புக்கும் நடுவுல அளங்க. அங்க 0.2 தாண்டக்கூடாது.

ரெண்டு பேட்டரி, ஒரு செல்ஃப் மோட்டார் மாத்தி முடிச்சிட்டு ஒரு வண்டி என்கிட்ட வந்துச்சு. நாலு தடவை செல்ஃப் அடிச்சேன், ஆக்ஸிலேட்டர் கேபிள் தொட முடியாத சூடு! எர்த் வயர் (பேட்டரி மைனஸ்ல இருந்து வண்டி இரும்புக்குப் போறது) வழி அடைச்சதால கரண்ட் அந்த மெல்லிசு கம்பி வழியா ஓடியிருக்கு. எர்த் வயரை வளைச்சேன், உள்ள நறநறன்னு சத்தம். ரப்பரைக் கீறினா செம்பு பூரா பச்சைப் பொடி. வெளியில பாத்தா புதுசு மாதிரி இருந்துச்சு.

கே: என்னோடது விறுவிறுன்னு சுத்துது, பிடிக்கத்தான் பத்து செகண்ட் ஆகுது. ராத்திரி நின்னா மட்டும் இப்படி. டீசல்.

சுத்தும்போது சைலன்சரைப் பாருங்க. வெள்ளைப் புகை, டீசல் வாடை வந்தா டீசல் வருது, எரியல. சிலிண்டர் உள்ள சூடேத்துற ஹீட்டர் பிளக்கை ஒவ்வொண்ணா செக் பண்ணுங்க. புகையே இல்லன்னா டீசலே போகல. ராத்திரி எங்கயோ காத்து ஏறி, டீசல் டேங்குக்கே திரும்பிடுது. நாளைக்குக் காலைல சாவி போடுறதுக்கு முன்னாடி டீசல் ஏத்துற கை பம்பை அமுக்குங்க. தொளதொளன்னு இருந்து, பத்து அமுக்குல கெட்டியாகி, வண்டி உடனே பிடிச்சா அதேதான். ஃபில்டர் வாஷர், ஹோஸ் கிளிப் பாருங்க. ஒரு தடவைக்குப் பத்து பதினஞ்சு செகண்டுக்கு மேல செல்ஃப் அடிக்காதீங்க, மோட்டார் வெந்துடும்.

கே: பெட்ரோல் பிக்கப் சார், இதே மாதிரி.

சாவியை ஆன் வரைக்கும் ரெண்டு தடவை போட்டு எடுத்துட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. உடனே பிடிச்சா பெட்ரோல் லைன்ல பிரஷர் நிக்கல.

கே: பேட்டரி 12.5 காட்டுது, நல்லாத்தானே இருக்கு?

மேல எழுதியிருக்கேன்.

கே: இவ்வளவு எதுக்கு? ஏர் ஃபில்டர்ல ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே ஒரு அடி அடிச்சா டக்குனு பிடிக்கும். மூணு வருஷமா அப்படித்தான் ஓட்டுறேன்.

ஹீட்டர் பிளக் இருக்கிற இன்ஜின்ல அடிக்கவே அடிக்காதீங்க. ஸ்ப்ரேயில இருக்கிற ஈதர் 160 டிகிரி பக்கத்துலயே தானா தீப்பிடிக்கும். பிளக் முனை சிவந்து 800ஐத் தாண்டி நிக்கும். பிஸ்டன் மேல ஏறி முடியறதுக்குள்ள வெடிச்சா வெடிப்பு பிஸ்டனைக் கீழ தள்ளும், அதை ஏத்துற கிராங்க் மேல தள்ளும். நடுவுல மாட்டிக்கிறது கனெக்டிங் ராடும் பிஸ்டன் ரிங்கும்.

கே: என் இன்ஜின்ல ஹீட்டர் பிளக்கே கிடையாது!

சரி, அப்ப ஆபத்து குறைவு, ஒத்துக்கிறேன். சில கனரக வண்டிகள்ல கம்பெனியே ஈதர் கிட் வெச்சுக் கொடுத்ததும் உண்டு. ஆனா மூணு வருஷமா தினமும் ஏன் தேவைப்படுதுன்னு யோசிச்சீங்களா?

கே: ஸ்ப்ரே பழகின இன்ஜின் அது இல்லாம எழும்பாதாமே?

இன்ஜின் என்ன குடிகாரனா, பழக்கத்துக்கு அடிமையாக? இன்ஜின் தேஞ்சு கம்ப்ரஷன் (காத்தை அமுக்குற பலம்) குறைஞ்சா காத்து போதுமான அளவு சூடாகாது, டீசல் எரியாது. தேய்மானம் கூடக்கூட ஸ்ப்ரே தேவையும் கூடும். பாக்கிறவங்களுக்குப் பழக்கம் மாதிரி தெரியுது. கம்ப்ரஷன் டெஸ்ட் ஒண்ணு எடுத்துடுங்க. இனி ஸ்ப்ரே பேச்சு போதும்.

கே: ஏசி கூலிங் வரல அண்ணே.

இன்னிக்கு ஸ்டார்ட்டிங் மட்டும்தான் தம்பி.

கே: பேட்டரி 12.6 இருக்கு, ஆனா...

இத்தோட மூணாவது ஆள்! செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவு? அதைச் சொல்லுங்க.

கே: முதல்ல கேட்டவன்தான் அண்ணே. பிளஸ் பக்கம் 0.1, எர்த் பக்கம் 0.7.

செல்ஃப் மோட்டாருக்கு வெச்சிருந்த காசைப் பத்திரமா வைங்க. முதல்ல பேட்டரி மைனஸைக் கழட்டுங்க, அப்புறம் சேசிஸ்ல எர்த் வயர் உக்கார்ற போல்ட். அடியில பெயிண்டோ துருவோ இருந்தா பளபளன்னு இரும்பு தெரியுற வரைக்கும் சுரண்டி, இறுக்கி, மறுபடி அளங்க. அப்பவும் 0.7 நின்னா வயரை வளைச்சுப் பாருங்க.