சிக்லிட் மீன்கள்: யாரோடு யாரை விடலாம்?

கேள்வி: நாலடித் தொட்டி வாங்கி, கடையில் 'ஆப்பிரிக்கன் மிக்ஸ்' என்று கொடுத்த குஞ்சுகளை விட்டோம். சில மாதம் அழகாகத்தான் இருந்தன. மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடு போட்டிருந்த ஒன்று இப்போது கறுத்துப்போய், மற்ற எல்லாவற்றையும் துரத்துகிறது. இரண்டு செத்துவிட்டன. இதற்குத் தோதாக எந்த மீனை விடலாம்? (வாசகி, வேளச்சேரி)

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் அது ஆராட்டஸ் என்ற மீனின் ஆண்; சிக்லிட் என்ற மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. குஞ்சாக இருக்கும்போது ஆண், பெண் இரண்டும் மஞ்சளில் கறுப்புக் கோட்டோடு ஒரே மாதிரி இருக்கும். கடைத் தொட்டியில் முதலில் கண்ணை இழுப்பதும் அதுதான். பெண் கடைசிவரை மஞ்சளாகவே இருக்கும். ஆண் தலையெடுத்ததும் உடம்பு கறுத்து, கோடுகள் வெளிறிவிடும். அந்த நிறம் வந்துவிட்டால், தொட்டி முழுவதும் தன் இடம் என்று அது பிடித்துக்கொண்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் துணை தேட வேண்டாம். அதை எடுத்துவிட்டு, மிச்சம் இருப்பவற்றுக்குத் துணை தேடுங்கள். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கேட்டுப் பாருங்கள், பல கடைகளில் எடுத்துக்கொள்வார்கள். ஏரியிலோ குளத்திலோ மட்டும் விட்டுவிடாதீர்கள். தொட்டியிலிருந்து போன சக்கர் மீன் நம் ஏரிகளை என்ன பாடுபடுத்துகிறது என்று வலை போடுகிறவர்களைக் கேட்டால் தெரியும்.

ஆராட்டஸ் பொல்லாத மீன் என்று நான் சொல்ல மாட்டேன். அதன் ஊர் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி. கரையோரப் பாறைகளில் படர்ந்திருக்கும் பாசியைக் கொறித்து வாழும் 'ம்புனா' கூட்டத்தைச் சேர்ந்தது. அங்கே ஒவ்வொரு ஆணும் கொஞ்சம் பாறையைத் தனக்கென்று வைத்துக் காவல் காக்கும். இன்னொரு மீன் உள்ளே வந்தால் துரத்தும். வந்தது நாலு முழம் தள்ளிப் போய்விட்டால் சண்டை தீர்ந்தது. உங்கள் தொட்டியின் மொத்த நீளமே நாலடி. தோற்ற மீனுக்குப் போக வழியில்லை, துரத்துகிற மீனுக்கு அது போய்விட்டது என்று தெரிய வழியில்லை. சாவு வருவது அதனால்தான்.

சரி, எதை விடலாம்? என் தொட்டிகளில் பார்த்த அளவில், முதல்முறை மலாவி மீன் வளர்ப்பவர்களுக்கு மூன்றைச் சொல்வேன்: எல்லோ லேப், ரஸ்டி, அசெய். மூன்றும் ம்புனாவிலேயே சாதுவானவை. நிறம் ஒன்றோடொன்று ஒட்டாது: ஒன்று எலுமிச்சை மஞ்சள், ஒன்று துருவும் ஊதாவும் கலந்தது, ஒன்று மஞ்சள் வாலோடு நீலம். இது அழகுக்காகச் சொல்வதல்ல. ஒரே நிறம், ஒரே கோடு உள்ள மீனைத்தான் ஆண் தன் போட்டியாளாக நினைத்து முதலில் தாக்கும். அசெய் பாறையை விட்டு மேலே கூட்டமாக நீந்தும் என்பதால் இடமும் பங்காகிவிடும்.

ஒவ்வொன்றிலும் ஐந்தாறு வாங்குங்கள். ஒரு ஆணுக்கு மூன்று, நான்கு பெண் இருந்தால் நல்லது. குஞ்சில் ஆண் பெண் பிரிக்க முடியாது என்பதால் கொஞ்சம் கூடுதலாக வாங்கி, வளர்ந்ததும் உபரி ஆண்களைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 250 லிட்டர் பிடிக்கும். பதினைந்து பதினெட்டு மீன் இருக்கலாம். இது நெரிசல் என்று மற்ற மீன் வளர்ப்பவர்கள் சொல்வார்கள். ம்புனாவுக்கு இந்த நெரிசல் வேண்டும், அடி ஒரே மீன் மேல் விழாமல் பலருக்கும் பிரிந்து போகும். ஆனால் ஃபில்டர் பெரிதாக இருக்க வேண்டும், வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றியே ஆக வேண்டும். முடியாது என்றால் இந்த மீனே வேண்டாம்.

வாங்கும்போது கென்யி என்ற ம்புனாவைத் தவிருங்கள். அதில் பெண் நீலம், ஆண் மஞ்சள். எல்லோ லேப் என்று நினைத்து வளர்ந்த கென்யி ஆணை வாங்கிப் போய்த் தவித்தவர்கள் எனக்குத் தெரிந்தே உண்டு. பீகாக் என்ற மலாவி மீனையும் இதோடு கலக்காதீர்கள். அது மணற்பரப்பில் புழு பூச்சி பொறுக்கும் மீன், ம்புனாக்களின் முரட்டுத்தனத்துக்கு முன்னால் நிறம் வெளிறி ஒதுங்கிவிடும். சாப்பாடும் ஒத்துவராது. ம்புனாவுக்கு ஸ்பைருலினா என்ற பாசி கலந்த தீனி போதும். டியூபிஃபெக்ஸ் புழு, இறைச்சி என்று போட்டால் வயிறு உப்பிச் செத்துவிடும்.

புது மீன் விடும் நாளில் கல் எல்லாவற்றையும் எடுத்து வேறு மாதிரி அடுக்குங்கள். பழைய மீனுக்கும் அது புது இடமாகிவிடும். கல்லை அடிக்கண்ணாடியில் வைத்துவிட்டு, அப்புறம் மணல் போடுங்கள். மணல் மேல் வைத்தால் இவை தோண்டித் தோண்டிக் கல்லைச் சாய்த்துவிடும். பக்கெட்டில் வெள்ளைப் படலம் விடும் போர் தண்ணீரை நாம் திட்டிக்கொண்டே இருக்கிறோம், மலாவி மீனுக்கு அந்தக் கடினத் தண்ணீர்தான் ஒத்துவரும். ஆர்.ஓ. தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

கேள்வி: ஃபிளவர்ஹார்னுக்குத் துணையாக என்ன விடலாம்? தனியாக இருப்பது பாவமாக இருக்கிறது. (வாசகர், சேலம்)

பதில்: எதுவும் வேண்டாம். ஃபிளவர்ஹார்னும் ஒரு கலப்பினச் சிக்லிட்தான். அதற்குத் தனிமை வருத்தமில்லை. கண்ணாடிக்கு வெளியே நீங்கள் நடமாடுவதே அதற்குப் போதும்.

கேள்வி: ஏஞ்சல் மீனும் நியான் டெட்ராவும் ஒரே தொட்டியில் ஓராண்டாக இருந்தன. இப்போது நியான் ஒவ்வொன்றாகக் காணாமல் போகிறது. இரண்டும் அமேசான் மீன்தானே? (வாசகி, கோவை)

பதில்: ஒரே ஊர் என்பதால் ஒன்றையொன்று விட்டுவைக்கும் என்றில்லை. ஏஞ்சலும் சிக்லிட்தான். சின்ன வயதில் அதன் வாய்க்குள் நியான் போகாது. வளர்ந்த ஏஞ்சலுக்கு நியான் ஒரு வாய்தான். இரவில் நியான் அசையாமல் நிற்கும்போது பிடித்துவிடும். மிச்சமுள்ளவற்றை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். அதற்குப் பதில் உடல் பருமனான காங்கோ டெட்ரா, தரையில் மேயும் கோரிடோரஸ் இரண்டும் சரியாக வரும். டைகர் பார்ப் மட்டும் வேண்டாம், ஏஞ்சலின் நீளத் துடுப்பைக் கடித்துக் கந்தலாக்கிவிடும்.

இரண்டு ஏஞ்சல் ஜோடி சேர்ந்து இலையிலோ கண்ணாடியிலோ முட்டை வைத்தால், அன்றிலிருந்து பாதித் தொட்டி அவற்றுடையது. மற்ற மீனெல்லாம் ஒரு மூலையில் நிற்கும். அந்த ஜோடியைத் தனியாக வைப்பதுதான் வழி.

கேள்வி: எல்லோ லேப் ஒன்று பத்து நாளாகச் சாப்பிடவில்லை. தாடை வீங்கியிருக்கிறது, மருந்து போடலாமா? (வாசகர், மதுரை)

பதில்: போடாதீர்கள். அது பெண், வாயில் முட்டை வைத்து அடைகாக்கிறது. மூன்று வாரம் போல அப்படித்தான் பட்டினி கிடக்கும். மற்ற மீன்கள் துரத்தினால், விளக்கை அணைத்துவிட்டு மெதுவாகப் பிடித்துச் சின்னத் தொட்டியில் விடுங்கள். பயந்தால் முட்டையைத் துப்பிவிடும்.

கேள்வி: பழவேற்காட்டு ஏரியில் சில சமயம் உள்ளங்கைக்குள் அடங்குகிற மஞ்சள் மீன் வலையில் வரும். அதுவும் சிக்லிட் என்கிறார்கள். நிஜமா? ஏஞ்சலோடு விடலாமா? (வாசகர், பொன்னேரி)

பதில்: இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். நிஜம்தான். அது ஆரஞ்சு குரோமைடு, தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான சிக்லிட். நம் குளத்து ஜிலேபிக் கெண்டையும் சிக்லிட்தான், ஆனால் அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். குரோமைடு நம்முடையது. கேரளத்தில் கரிமீன் என்று பொரித்துத் தின்பார்களே, அந்தப் பச்சைக் குரோமைடு இதன் பெரிய உறவு. பெரிய மீனின் உடம்பில் உள்ள ஒட்டுண்ணிகளைச் சின்னது கொத்தி எடுப்பதை இலங்கையில் பார்த்திருக்கிறார்கள். ஆரஞ்சு குரோமைடின் குஞ்சுகள் தாய் தகப்பன் உடம்பில் சுரக்கும் வழுவழுப்பைக் கொறித்தும் வளரும். இவ்வளவு அருமையான மீன் நம் கடைகளில் ஒரு மூலையில் கிடப்பது எனக்குப் பெரிய வருத்தம்.

ஏஞ்சலோடு வேண்டாம். இது உவர்நீர் மீன். லிட்டருக்கு இரண்டு மூன்று கிராம் உப்பு இருந்தால் செழிக்கும், அந்தத் தண்ணீர் ஏஞ்சலுக்கு ஆகாது. மூன்றடித் தொட்டியில் இதே இனத்தில் ஆறு விட்டு, கூடவே மாலி என்ற சின்ன மீனை விடுங்கள். மாலியும் உப்புத் தண்ணீரை விரும்பும். மாலி போடும் குஞ்சில் பாதியைக் குரோமைடு தின்றுவிடும், அதனால் மாலி பெருகித் தொட்டி நிரம்பும் தொல்லையும் குறையும். கரிமீன் குஞ்சைச் சேர்க்க ஆசைப்படாதீர்கள். அது ஒரு சாணையும் தாண்டி வளரும், ஐந்தடித் தொட்டி இல்லாமல் முடியாது.