ஒரு சினைப்பை மட்டும் இருந்தால் மாதந்தோறும் கருமுட்டை வருமா?

கேள்வி: என் வயது 27, ஊர் தூத்தூர். மூன்று ஆண்டுகளுக்கு முன் கட்டி காரணமாக இடது சினைப்பையை அகற்றிவிட்டார்கள். மாதவிடாய் 30 நாட்களுக்கு ஒருமுறை சரியாக வருகிறது. திருமணமாகி எட்டு மாதங்களாகியும் கரு தங்கவில்லை. இனி இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் முட்டை வரும் என்கிறார் மாமியார். கணவர் ஆழ்கடல் மீன்பிடிக்குப் போனால் கரை திரும்ப ஒரு மாதத்துக்கு மேலாகும்.

பதில்: உங்கள் மாமியார் சொல்வது பலரும் நம்புகிற ஒன்றுதான், ஆனால் சரியன்று. இரண்டு சினைப்பைகளும் முறைவைத்து மாறி மாறி வேலை செய்வதில்லை. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் ஹார்மோன்களே மாதந்தோறும் முட்டையை முதிரச் செய்கின்றன. ஒரு சினைப்பை இல்லாதபோது அந்தத் தூண்டுதல் மற்றதன்மீதே செயல்படுவதால், உங்கள் வலது சினைப்பையே ஒவ்வொரு மாதமும் முட்டையை வெளியிடும். மாதவிடாய் ஒழுங்காக வருவது பெரும்பாலும் இதற்கு அடையாளம்.

கருக்குழாய் சினைப்பையோடு இறுக ஒட்டியிருப்பதில்லை. சுமார் 10 செ.மீ. நீளமுள்ள அக்குழாயின் திறந்த முனையிலிருக்கும் விரல் போன்ற மடிப்புகள் சினைப்பையைத் தழுவி, வெளிவரும் முட்டையை உள்ளே எடுத்துக்கொள்கின்றன. ஒரு பக்கத்து முட்டையை மறுபக்கத்துக் குழாய் ஏற்றுக் கருத்தரித்த பெண்களும் உண்டு.

என்னை யோசிக்க வைத்தது உங்கள் கடைசி வரிதான். வெளிவந்த முட்டை 12 முதல் 24 மணி நேரமே உயிருடன் இருக்கும். விந்தணுவோ பெண்ணின் உடலுக்குள் 5 நாட்கள் வரை தாக்குப்பிடிக்கும். அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ 14 நாட்களுக்கு முன் முட்டை வெளிவருவதால், உங்கள் கணக்கில் அது 16ஆம் நாளை ஒட்டி அமையும். ஆகவே, இரத்தப்போக்கு தொடங்கிய நாளை முதல் நாளாகக் கொண்டால், 11 முதல் 16 வரையிலானவையே கரு தங்கக்கூடிய நாட்கள். இந்த எட்டு மாதங்களில் அந்நாட்களில் உங்கள் கணவர் எத்தனை முறை வீட்டில் இருந்தார் என்று நாட்காட்டியில் குறித்துப் பாருங்கள். உண்மையான வாய்ப்பு இரண்டு மூன்று மாதங்களுக்கு மேல் இருந்திராது என்றே நினைக்கிறேன்.

ஆனாலும் அறுவை சிகிச்சை நடந்திருப்பதால் ஓராண்டு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அருகிலுள்ள மகப்பேறு மருத்துவரிடமோ காட்டுங்கள். கணவர் கரையில் இருக்கும்போது அவருக்கும் விந்துப் பரிசோதனை செய்துவிடுங்கள். மனைவியை மட்டுமே பரிசோதித்து ஆண்டுகளைக் கழிக்கும் குடும்பங்கள் இன்றும் குறைவில்லை. ஃபோலிக் அமில மாத்திரையை இப்போதே தொடங்கலாம். மருத்துவரிடம் செல்லும்போது அறுவை சிகிச்சையின் டிஸ்சார்ஜ் சம்மரியையும் பயாப்சி அறிக்கையையும் மறக்காமல் கொண்டுசெல்லுங்கள். இடது குழாயும் எடுக்கப்பட்டதா, கட்டி எந்த வகை என்பதெல்லாம் அவற்றில்தான் இருக்கும்.